பெரியவர்களுக்கு வகுப்பெடுப்பதை நிறுத்துவோம்
வளர்ந்தோர் பயிற்சிக்கான புதிய இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

எந்த வேலை நாளை எடுத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மண்டபத்தில் பெரியவர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். ஊராட்சித் தலைவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், ஆசிரியர்கள், உழவர்கள், ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணி என்று போட்டிருந்தால் பதினொன்றுக்குக் குத்துவிளக்கு. பிறகு பொன்னாடை. சிறப்பு விருந்தினர் பேசி முடித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்புவார். அவரோடு மேடையும் பாதி காலியாகும். கருத்தாளர் பென்டிரைவைச் செருகித் திரையில் உள்ளதை வரி விடாமல் வாசிப்பார். ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கெல்லாம் பின்வரிசையில் பேருந்து நேரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். முற்பகல் கையெழுத்து, பிற்பகல் கையெழுத்து, பிளெக்ஸ் பேனர் தெரிகிற மாதிரி ஒரு குழுப்படம், பயணப்படி. மேலே போகும் அறிக்கையில் இத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று எண் ஏறும். அவர்கள் உண்மையில் பெற்றது ஒரு ஃபைல், ஒரு பேனா, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

இந்தப் பிரகடனத்தை எழுதும் நாங்கள் அந்த மண்டபங்களின் இரு பக்கமும் இருந்தவர்கள். சிலர் மைக்கைப் பிடித்தவர்கள், சிலர் பின்வரிசையில் கொட்டாவி விட்டவர்கள், பலர் இரண்டும் செய்தவர்கள். எங்கள் கட்சி ஒன்றுதான். பயிற்சிக்கு வந்தவர் தம் வேலையிடத்துக்குத் திரும்பிப் போய், முன்பு செய்ய முடியாத ஒன்றைச் செய்தால் அங்கே பயிற்சி நடந்திருக்கிறது. செய்யவில்லையென்றால் நடந்தது ஒரு நிகழ்ச்சி. அதற்கு நிகழ்ச்சி என்றே கணக்கெழுத வேண்டும்.

முதலில் ஒரு பழமொழியோடு எங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டே நம் ஊரில் பெரியவர்களின் படிப்பை மூடிவைத்துவிட்டார்கள். புதுக்கோட்டைக்குப் போய்க் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தைக் கையில் எடுத்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இயக்கத் தொண்டர்களும் சைக்கிளையும் சேர்த்து எடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் கூலிக்குப் போனவர்கள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்கே இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதிலும் ஒரு லாபம் கண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்தக் கதை தெரிந்தது.

அந்தப் பெண்களை யாரும் உடலியக்க வகுப்பில் உட்காரவைக்கவில்லை. தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட, பேருந்துக்குக் காத்திருக்காமல் வீடு திரும்ப, சைக்கிள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கற்றதை மறுநாள் காலையிலேயே பயன்படுத்தினார்கள். கற்றவர் இன்னொருவரின் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள், தனியாக இல்லாததால் தாங்க முடிந்தது. வளர்ந்தோர் கல்வி பற்றிப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் இந்த நான்கைந்து வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

புத்தகங்களையும் நாங்கள் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் லிண்டமன் 1926இலேயே வளர்ந்தோர் கல்வியின் பொருள் பற்றி ஒரு நூல் எழுதினார். பாடத்திட்டத்திலிருந்து தொடங்காதீர்கள், ஆளின் வாழ்க்கை நிலையிலிருந்து தொடங்குங்கள் என்பது அதன் சாரம். பின்னால் மால்கம் நோல்ஸ் அதைப் பயிற்சித் துறையின் கொள்கையாக ஆக்கினார். வளர்ந்தவர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்துகிறவர், அனுபவத்தோடு வருகிறவர், இன்றைய சிக்கலுக்கு விடை தேடுகிறவர், எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்கிறவர் என்றார். முதலில் குழந்தைக்கு ஒரு முறை, பெரியவருக்கு வேறொரு முறை என்று கோடு போட்டவர், 1980இல் தம் நூலைத் திருத்தியபோது அந்தக் கோட்டை அழித்து, சூழலுக்கேற்ப இரண்டும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார். ஆகவே பெரியவர்கள் தனிப் பிறவிகள் என்று நாங்களும் சொல்லவில்லை. பெரியவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதைத் தொடாமல் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்கிறோம்.

எப்படித் தொடுவது? ஒரு கணக்கைப் பாருங்கள். சுய உதவிக் குழுக்களுக்கான கணக்குப் பயிற்சியில் சதவீதம் வந்ததும் அறை அமைதியாகிவிடும். திரையில் அசல், காலம், வட்டி விகிதம், கீழே நூறு என்று ஒரு சூத்திரம் தொங்கும். பலகையைப் பார்த்துப் பிழையில்லாமல் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. இதையே வேறு மாதிரித் தொடங்கலாம்.

“ஏக்கா, உங்க ஊர்ல வெளியில கடன் வாங்குனா வட்டி எப்படி?”

“நூத்துக்கு மூணு. தெரிஞ்சவங்கன்னா ரெண்டு.”

“அப்போ பத்தாயிரத்துக்கு மாசம்?”

“முந்நூறு. இது கூடவா தெரியாது?”

இந்த ‘இது கூடவா தெரியாது’ வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு. வங்கிக்காரர் 12 சதவீதம் என்று சொல்வது அந்த ஒரு வட்டியைத்தான். பிறகு ஒரு வட்டிக்கு வாங்கிய பத்தாயிரத்தை மாதம் ஆயிரமாகப் பத்து மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டு, இரண்டு விதமாகப் போடச் சொல்ல வேண்டும். முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போட்டால் மாதம் நூறு, மொத்தம் 1,000 ரூபாய். நின்ற பாக்கிக்கு மட்டும் போட்டால் முதல் மாதம் நூறு, அடுத்து தொண்ணூறு, எண்பது என்று இறங்கிக் கடைசி மாதம் பத்து, கூட்டினால் 550. அதே கடன், அதே ஒரு வட்டி, 450 ரூபாய் வித்தியாசம். இதைத் தாங்களே கூட்டிப் பார்த்தவர்கள் அடுத்த முறை நிதி நிறுவன ஆள் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, வட்டி எவ்வளவு என்பதோடு நிறுத்தமாட்டார்கள். எதன்மேல் வட்டி என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பயிற்சியின் விளைவு. சூத்திரத்தை ஒப்பிப்பது விளைவில் சேராது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் தென்கரோலினாவில், ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் கறுப்பின மக்களுக்கான இரவு வகுப்பு தொடங்கியது. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை விலக்கிவைக்கும் ஏற்பாடு அது. வகுப்பெடுக்க வந்த பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையம் நடத்தியவர், ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்ல. பட்டதாரி ஆசிரியர் வேண்டாம், அவர்கள் பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்திவிடுவார்கள் என்று ஏற்பாடு செய்தவர்களே அஞ்சினார்கள். பள்ளிக் குழந்தைகளின் பாடப் பொருள்களோடு வந்த ராபின்சன், அது சரிப்படாது என்று சீக்கிரமே ஒதுக்கிவிட்டார். வந்தவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், அஞ்சலில் பொருள் வாங்கும் பட்டியலைப் படிக்க வேண்டும், வாக்காளர் படிவம் நிரப்ப வேண்டும். அவையே பாடப் புத்தகம் ஆயின. அந்தப் பின்னறையிலிருந்து குடியுரிமைப் பள்ளிகள் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்ததும் அவர்கள் பேச்சிலிருந்து பொறுக்கிய சொற்களை வைத்துத்தான். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. பெரியவர்களுக்குச் சரியாகக் கற்பித்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தளபதிகளுக்கு நம் பயிற்சி மையங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த பள்ளிக்கூடம் இந்தோனேசியாவின் நெல்வயலில் இருந்தது. அங்கே புகையான் என்ற பூச்சி பயிரை எரித்தது. மருந்து அடிக்க அடிக்க அதிகமாக எரித்தது. சிலந்தியையும் நல்ல பூச்சிகளையும் மருந்து கொன்றுவிட, புகையானுக்கு எதிரியே இல்லாமல் போனதுதான் காரணம். 1986இல் அரசு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கத் தடை போட்டது. ஆனால் தடையாணையால் வயலைப் படிக்கக் கற்றுத்தர முடியாது. 1989இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி பிறந்தது. பின்னர் அது இந்தியாவுக்கும் வந்து, நம் வேளாண் துறையின் திட்டங்களிலும் அதே பெயரில் இருக்கிறது.

அதன் நடைமுறையைக் கவனியுங்கள். ஏறக்குறைய 25 உழவர்கள், வாரத்தில் ஒரு காலை, நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரை. சிறு குழுக்களாகப் பிரிந்து காலையிலேயே வயலில் இறங்கி, தூர் தூராகப் பார்த்துப் பூச்சிகளை எண்ணுவார்கள். கரையேறி, பெரிய தாளில் பயிரை நடுவில் வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்பவை, மறு பக்கம் நன்மை செய்பவை என்று படம் போடுவார்கள். தண்ணீர், வெயில், களை எல்லாம் அந்தத் தாளில் வரும். பிறகு வாதம்: இந்த வாரம் மருந்து வேண்டுமா, வேண்டாமா? வயலுக்குச் சொந்தக்காரர் எதிர்த்துப் பேசுவார். முடிவு எடுத்தாக வேண்டும், அடுத்த வாரம் வந்து அது சரியா என்று பார்த்தாக வேண்டும்.

பயிற்றுநருக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. இது என்ன பூச்சி என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே பிடித்தீர்கள், தண்டிலா இலையிலா, என்ன செய்துகொண்டிருந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அந்தப் பூச்சியையும் ஒரு சிலந்தியையும் ஒரே புட்டியில் விட்டு வலைத்துணியால் மூடி, யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதைத் தம் கண்ணால் பார்த்தவருக்கு, சிலந்தி நல்லது என்று துண்டறிக்கை அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. தேர்வும் வயலிலேயே: உண்மையான பயிரில் நிஜப் பூச்சியைக் காட்டிக் கேள்வி, விடைக்குரிய பெட்டியில் சீட்டுப் போட வேண்டும்.

இந்தப் பள்ளியை நாங்கள் கோவிலாக்கவும் இல்லை. பின்னாளில் ஆராய்ந்தவர்கள், வந்து கற்றவரின் அறிவு பக்கத்து வயல்காரருக்கு எதிர்பார்த்த அளவு தானாகப் பரவவில்லை என்று கண்டார்கள். எங்களுக்கு இதில் வியப்பில்லை. இறங்கி எண்ணிக் கற்றதை டீக்கடையில் வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

நம் ஊரில் கொடிகட்டிப் பறக்கும் அடுக்குமுறைப் பயிற்சியை நாங்கள் எதிர்ப்பதும் இதனால்தான். சென்னையில் ஐந்து நாள் நடந்தது மாவட்டத்தில் மூன்று நாள் ஆகும், ஒன்றியத்தில் ஒரு நாள், ஊரில் அரை நாள். மேலே இருந்த செய்முறைகள் ஒவ்வொரு படியிலும் உதிர்ந்து, கடைசியில் பென்டிரைவ் மட்டும் வந்து சேரும். யாருக்காகப் பயிற்சி வகுத்தோமோ அவருக்கே மிகக் குறைந்த நேரம், மிகக் குறைந்த அனுபவமுள்ள கருத்தாளர். இந்த அடுக்கைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும்: அதிக நாளும் அதிகப் பணமும் கடைசிப் படிக்கு.

அடுத்து, பயிற்சித் துறையில் புழங்கும் சில கட்டுக்கதைகளை இன்றோடு கைவிடுகிறோம். படிப்பதில் பத்து சதவீதம், கேட்பதில் இருபது, செய்வதில் தொண்ணூறு நினைவில் நிற்கும் என்று ஒரு கூம்புப் படம் காட்டுவார்களே, அந்த எண்களுக்கு ஆதாரமே கிடையாது. 1946இல் எட்கர் டேல் வரைந்த அனுபவக் கூம்பில் ஒரு சதவீதக் குறிகூட இல்லை. பின்னால் யாரோ ஒட்டவைத்தார்கள். அதேபோல் நீங்கள் கண்ணால் கற்பவர், இவர் காதால் கற்பவர் என்று ஆளுக்கொரு முத்திரை குத்தி அதற்கேற்ப வகுப்பை வகுப்பதும். ஹரோல்ட் பாஷ்லரும் உடனிருந்த உளவியலாளர்களும் 2008இல் ஆய்வுகளைத் தேடிப் பார்த்து, அப்படி வகுப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். செய்து கற்பது நல்லது என்பதை நாங்களும் நம்புகிறோம்; அதற்குப் பொய்க் கணக்கு துணைக்கு வேண்டாம்.

மெய்யான கணக்கு வேறு இருக்கிறது. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியின் எபிங்காஸ் 1885இலேயே தம்மையே வைத்துச் சோதித்து எழுதினார். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் பயிற்சிகளில் மாலையில் நடக்கும் கருத்துக்கேட்பு அந்த ஐந்தாம் நிமிடத்தை மட்டுமே அளக்கிறது. பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எல்லாரும் எழுதிக் கொடுப்பார்கள். நம் மக்கள் சோறு போட்டவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒரே மூச்சில் மூன்று நாள் நடத்துவதைவிட, இடைவெளி விட்டு ஒவ்வொரு நாளாக நடத்துவோம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் வேலையைக் கேட்டே தொடங்குவோம். ‘போன முறை நான் சொன்னது நினைவிருக்கிறதா’ என்று கேட்க மாட்டோம். ‘செய்து பார்த்தீர்களா, எங்கே இடித்தது’ என்று கேட்போம்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்று. நம் பயிற்சிகளில் கணிசமானவை தேவையே இல்லாதவை. எடைக்கருவி பழுதான அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டவணை நிரப்பப் பயிற்சி. சிக்னல் கிடைக்காத ஊரில் வேலைசெய்யும் செவிலியருக்குச் செயலியில் பதிவேற்றப் பயிற்சி, அதுவும் திரும்பத் திரும்ப. ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: உயிரே போகும் என்ற நிலை வந்தால் இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் இவருக்குக் குறை அறிவில் இல்லை. கருவியில், நேரத்தில், கூலியில், மேலதிகாரியில் எங்கோ இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பணமோ மனமோ இல்லாதபோது பயிற்சி வைத்துவிடுவது சுலபம். குற்றம் பணியாளரின் அறியாமைமேல் விழுந்துவிடும். அப்படிப்பட்ட பயிற்சிக்கு இந்த இயக்கத்தைச் சேர்ந்த யாரும் கருத்தாளராகப் போக மாட்டார். கோளாறு எங்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

மரியாதை பற்றித் தனியே பேச வேண்டும். பத்து வருடம் பிரசவம் பார்த்தவரை, முப்பது வருடம் ஏர் பிடித்தவரை, எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்கிறோம். கைதட்டி விளையாட்டு விளையாடச் சொல்கிறோம். தப்பாகச் சொன்னால் சிரிக்கிறோம். பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் புரியாமை அன்று. தெரிந்தவர்கள் முன்னால் மானம் போய்விடுமோ என்ற அச்சம். எங்கள் பயிற்சிகளில் யாரையும் ஒருமையில் அழைக்க முடியாது. பயிற்றுநரும் வட்டத்தில், அதே நாற்காலியில் உட்காருவார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வார், சபையில் தெரிந்தவர் இருந்தால் இடத்தைக் கொடுப்பார். தேதியை நடவுக் காலம், அறுப்புக் காலம், முகூர்த்த நாள் பார்த்து, வருபவர்களைக் கேட்டு வைப்போம். பிள்ளையோடு வரும் பெண்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஓர் அறையும் இல்லாமல் பயிற்சி தொடங்காது. இதெல்லாம் வசதி ஏற்பாடு, கொள்கை அல்ல என்று நினைப்பவர்கள், மாலை நாலரைப் பேருந்தை விட்டால் வீட்டில் ஏச்சு விழும் என்று தெரிந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்த இயக்கத்தின் வேலைமுறை இதுதான். பயிற்றுநர் யாராயினும், பயிற்சிக்கு முன் ஒரு முழு வேலை நாள் அந்த மக்களோடு அவர்கள் வேலையிடத்தில் இருப்பார். பயிற்சியின் நோக்கத்தை ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுத மாட்டோம். வந்தவர் திரும்பிப் போய் என்ன செய்வார் என்பதை, பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரே வாக்கியமாக எழுதுவோம். கூடுமானவரை அதே தொழில் செய்பவரே கற்றுக்கொடுப்பார். செவிலியருக்குச் செவிலியர், ஓட்டுநருக்கு ஓட்டுநர். மூன்று மாதம் கழித்து வேலையிடத்துக்கே போய்ப் பார்ப்போம். நடக்காமல் போனவற்றையும் மறைக்காமல் வெளியிடுவோம். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அதை முதல் கூட்டத்துக்கு வருபவர்கள் வைக்கட்டும். அவர்கள் கையில் கொடுக்க முடியாத அளவுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் அல்ல.

அரசுத் துறைகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஆலை நிர்வாகங்களிடமும் நாங்கள் வைக்கும் கோரிக்கை: தலைக்கணக்குப் பார்த்துப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்துங்கள். ஒதுக்கியதில் ஒரு பங்கைப் பின்தொடர்வதற்கென்று தனியே எடுத்து வையுங்கள். குத்துவிளக்கையும் பொன்னாடையையும் விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அதைக் கேள்விகளுக்குக் கொடுங்கள்.

பயிற்சிக்கு அழைக்கப்படும் உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த அழைப்பு வரும்போது, இது முடிந்ததும் நான் புதிதாக என்ன செய்ய முடியும், அதைச் செய்யத் தேவையான கருவியும் நேரமும் எனக்குக் கிடைக்குமா, தடுக்கி நின்றால் யாரைக் கேட்பது என்று அழைத்தவரிடமே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் கருத்துக்கேட்புத் தாளில் எழுதிவிட்டு வாருங்கள். இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் கிடையாது. உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத ஒருவருக்கு, அவர் செய்து முடிக்கும் வரை கூட இருந்து கற்றுக்கொடுத்துவிட்டு வந்து சேருங்கள்.